இரைச்சல் செய்த சாவி

சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் என் தம்பி இறந்தான். உறக்கத்திலேயே போய்விட்டான் என்று பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். தனியே வாழ்ந்தவன், மணம் செய்துகொள்ளவில்லை. அடக்கம் முடிந்து உறவினர் கலைந்தபின், அவன் வீட்டில் நானும் மழையும் மட்டும் இருந்தோம். நான்கு அலமாரி நூல்கள், ஒரு மிதிவண்டி, எங்கள் அப்பாவின் கைக்கடிகாரம், ஒரு மடிக்கணினி: அவன் விட்டுச் சென்றவை இவ்வளவே.

நூல்களைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். மிதிவண்டியைக் கேட்க ஆளுண்டு. கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மடிக்கணினிதான் என்னை உறங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது. பூர்வீக வீட்டை விற்றபோது அவனைக் கேளாமலே நான் முன்பணம் வாங்கிவிட்டேன். பங்கு குறைந்ததென்று அவன் வருந்தவில்லை. தன்னைக் கேட்கவில்லையே என்றுதான் வருந்தினான். அதன்பின் பத்தாண்டுகள் நாங்கள் திருமணங்களிலும் இறப்புகளிலும் மட்டுமே பேசிக்கொண்டோம். கடைசி இரண்டாண்டுகளில் பேச்சு மீண்டும் துளிர்த்தது. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவன் சொன்னான்: “அண்ணே, நம் வீட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன்.”

எழுதி முடித்தானா? அதில் என்னைப் பற்றி என்ன எழுதினான்? மன்னித்தானா? இந்த வினாக்களுக்கு விடை அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நம்பினேன். திறந்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், வீட்டின் கதவு எண், அவன் பிறந்த ஆண்டு என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் தட்டினேன். ஒவ்வொரு தவறான சொல்லுக்கும் பிறகு அது என்னைச் சற்றே கூடுதலாகக் காக்க வைத்தது.

* * *

நகரில் ஒரு பழுது பார்க்கும் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். கடைக்காரர் இளைஞர், பொறுமைசாலி. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது சேமிப்புத் தட்டைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

“இதை வேறு கணிப்பொறியில் மாட்டிப் பார்த்துவிட்டேன், சார். எழுத்தும் இல்லை, படமும் இல்லை. நீங்களே பாருங்கள்.”

திரை நிறைய எண்களும் எழுத்துகளும் கலந்து கிடந்தன. ஒரு சொல்லாவது, ஒரு வரியாவது தென்படுமா என்று தேடினேன். கண் எங்கும் நிற்கவில்லை.

“கெட்டுப்போய்விட்டதா?” என்று கேட்டேன்.

“இது பழுதில்லை, சார். பூட்டு. எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஆனால் உங்களாலும் என்னாலும் யாராலும் படிக்க முடியாது. முதல்நாள் இதை அமைத்தபோது மீட்புக்காக ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்திருக்கும். அதை அவர் எங்காவது எழுதி வைத்திருந்தால் பிழைத்தோம்.”

கூலி கொடுக்கப் போனேன். ஒன்றும் செய்யவில்லையே என்று வாங்க மறுத்துவிட்டார். தம்பியின் வீட்டுக்குத் திரும்பி, அவனுடைய எல்லாத் தாள்களையும் புரட்டினேன். மளிகைக் கணக்கு, மின்கட்டண ரசீதுகள், அம்மா எழுதிய பழைய அஞ்சலட்டைகள் இருந்தன. அந்த எண் மட்டும் இல்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். “யாராலும் முடியாது” என்ற சொல்லை மாணவரிடம்கூட எளிதில் ஏற்றுக்கொண்டதில்லை. மனிதன் செய்த பூட்டை மனிதன் திறக்க முடியாதா? அந்தச் சினத்தோடுதான் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த என் மகளைக் கேட்டேன். அவள் பெங்களூரில், கணிப்பொறிச் சில்லுகளின் வடிவமைப்பைச் சோதிக்கும் பணியில் இருப்பவள்.

“அப்பா, சித்தப்பா வைத்த கடவுச்சொல் இந்தப் பூட்டின் சாவியே இல்லை. உண்மையான சாவி உள்ளே ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தச் சிறு பெட்டியைத் திறக்கத்தான் கடவுச்சொல். உண்மையான சாவியைச் சித்தப்பாகூடப் பார்த்திருக்க மாட்டார்.”

“அப்படியானால் அதைச் செய்தவர் யார்?”

அவள் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். “உங்கள் பாடப் பொருள்தான், அப்பா. வெப்ப இரைச்சல்.”

* * *

வாசகர்க்கு இதை விளக்கியாக வேண்டும். ஒரு மின்தடையை மின்கலத்தோடு இணைக்காமல் சும்மா மேசைமேல் வைத்தாலும், அதன் முனைகளுக்கிடையே மிக நுண்ணிய மின்னழுத்தம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைக்கழிவதே காரணம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்பவர் இதை அளந்தார். நைக்விஸ்ட் என்பவர் காரணம் காட்டினார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. வானொலியைத் திருப்பும்போது நிலையங்களுக்கு நடுவே கேட்கும் ‘உஸ்’ என்ற ஒலியில் இதற்கும் பங்குண்டு. ‘இது ஒரு தொல்லை, கருவிகளின் நுட்பத்துக்கு இதுவே எல்லை’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்தத் தொல்லைதான் என் தம்பியின் எழுத்தைப் பூட்டியிருக்கிறது என்று மகள் சொல்லக் கேட்டபோது, எப்போதும் கடைசி இருக்கையில் இருந்த மாணவன் திடீரென எழுந்து பேசியதுபோல் இருந்தது.

சாவி என்பது ஓர் எண். யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக அது இருக்க வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. கணிப்பொறி சொன்னதைச் செய்யும் கருவி. இன்று ஒரு கணக்கைக் கொடுத்து என்ன விடை பெற்றோமோ அதே விடைதான் நாளையும். சொன்னதைத் தவறாது செய்வதே அதன் பெருமை. அதனிடம் போய், ‘எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்’ என்று கேட்டால் அது என்ன செய்யும்?

வகுப்பறை முறையில் ஓர் எடுத்துக்காட்டு. ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 7இல் தொடங்கினால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வரும். பார்ப்பதற்குச் சீட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறதல்லவா? ஆனால் அடுத்து மீண்டும் 7தான். பின் அதே ஊர்வலம். விதியையும் தொடக்க எண்ணையும் அறிந்தவனுக்கு இதில் மறைவென்று எதுவுமில்லை. விதியை எவ்வளவு சிக்கலாக்கினாலும் தொடக்க எண் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். வெறும் கணக்கினால் இத்தகைய எண்களைப் படைக்கலாம் என்று நினைப்பவர் பாவ நிலையில் இருப்பவர் என்ற பொருள்பட, கணிதமேதை வான் நாய்மன் 1951இல் வேடிக்கையாக எழுதினாராம். மகள் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தம்பி இறந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஆகவே இயற்கையிடம் கையேந்த வேண்டும் என்பது தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது. அதே 1951இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஃபெராண்டி மார்க் 1 கணிப்பொறியில், ஆலன் டூரிங் வற்புறுத்தியதால், மின் இரைச்சலிலிருந்து எண்களை எடுக்கும் அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். 1955இல் ராண்ட் என்ற அமெரிக்க நிறுவனம், மின்னணுச் சூதாட்டச் சக்கரம் போன்ற கருவியால் பெற்ற பத்து இலட்சம் இலக்கங்களை ஒரு நூலாகவே அச்சிட்டது. 1957 ஜூன் மாதத்தில், பிரிட்டிஷ் அரசின் சேமிப்புப் பத்திரங்களுக்குப் பரிசு பெறுவோரைத் தேர்ந்தெடுக்க, எர்னி என்ற பொறி வேலை தொடங்கியது. நியான் குழாய்களின் இரைச்சலே அதன் குடுவை.

இந்தப் பாடத்தை மறந்தவர்கள் துன்பப்பட்டார்கள். 1995இல் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி, கடன் அட்டை எண்களைக் காக்கும் சாவிகளை, அந்நேரத்து மணியையும் கணிப்பொறிக்குள் ஓடும் செயல்களின் வரிசை எண்கள் இரண்டையும் கொண்டே செய்துவந்தது என்று, இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் என்ற பெர்க்லி மாணவர் இருவர் கண்டுபிடித்தனர். மணி என்ன என்பது எல்லாருக்கும் தெரியுமே! 2006இல் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பைப் பேணியவர்கள், தேவையற்றது என்று கருதி எதையோ நீக்கப்போய், சாவி செய்வதற்குரிய மூலப்பொருளையே நீக்கிவிட்டார்கள். 2008 மே மாதத்தில் கண்டுபிடிக்கப்படும்வரை, ஒவ்வொரு வகைச் சாவியிலும் சற்றேறக்குறைய 32,768 சாவிகளைத் தவிர வேறு சாவிகள் அங்கே பிறக்கவேயில்லை. 2012இல் ஆய்வாளர் குழு ஒன்று இணையத்திலுள்ள பொதுச் சாவிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டது. பாதுகாப்பான இணைப்பு வழங்கும் கருவிகளில் இருநூற்றில் ஒன்றின் சாவியை அவர்களால் கணக்குப் போட்டே எடுத்துவிட முடிந்தது. பிணையத்தில் மாட்டும் சிறு கருவிகளே அவற்றில் மிகுதி. அவை விழித்தெழுந்த முதல் நொடியில் போதிய இரைச்சலைத் திரட்டுமுன்பே சாவி செய்யப் புகுந்தவை. பிறந்த கணத்தில் எல்லாக் குழந்தைகளின் அழுகையும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது.

* * *

கணிப்பொறியின் இதயமான நுண்செயலிக்குள்ளேயே இரைச்சலுக்கு இடம் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இதனால் வலுத்தது. இன்டெல் நிறுவனம் 1999இல், செயலிக்குப் பக்கத்துச் சில்லு ஒன்றில், மின்தடையின் இரைச்சலைப் பெருக்கி எண்ணாக்கும் அமைப்பை வைத்தது. வியா என்ற தைவான் நிறுவனம் 2003இல் தன் செயலிக்குள்ளேயே அத்தகைய அமைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் பெருக்கிச் சுற்றுகள் எப்போதும் மின்சாரத்தைத் தின்பவை. சில்லுகள் சிறுக்கச் சிறுக்க அவற்றைப் புதிதாக வடிவமைக்கவும் வேண்டும். எனவே இன்டெல் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். 2012இல் வெளிவந்த அவர்களது செயலிகளில் அது இடம்பெற்றது. என் தம்பியின் மடிக்கணினியில் இருப்பதும் அந்த வழிவந்த செயலியே.

அந்த வழி வியக்கத்தக்க எளிமையானது. ஒன்றைக் கொடுத்தால் சுழியத்தைத் தரும், சுழியத்தைக் கொடுத்தால் ஒன்றைத் தரும் சுற்றுகள் இரண்டை எதிரெதிராகப் பிணைக்கிறார்கள். ஒன்றின் வாய் மற்றொன்றின் காது. இயல்பாக ஒரு பக்கம் ஒன்று என்றால் மறுபக்கம் சுழியம் என்று அவை நிலைகொள்ளும். பொறியாளர்கள் இருபுறத்தையும் வலிந்து ஒரே நிலையில் நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிடுகிறார்கள். மலை முகட்டில் நிறுத்திய பந்தைப்போல அந்தக் கணத்தில் சுற்று தடுமாறுகிறது. எப்பக்கம் சாய்வது? வெப்பத்தின் அந்த மெல்லிய நடுக்கம் தீர்ப்புச் சொல்கிறது. ஒன்று, அல்லது சுழியம். உடனே மீண்டும் முகட்டில் ஏற்றுகிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி முறை இது நடக்கிறது. ஒரே பக்கம் சாயும் பழக்கம் தலைகாட்டினால் திருத்துவதற்குத் தனிச்சுற்று உண்டு. கிடைத்தவற்றைச் சோதித்து, மறைகுறியாக்க முறையொன்றால் பிசைந்து செறிவாக்கி, கேட்கும் நிரலுக்கு அளிக்கிறார்கள்.

அந்த மறைகுறியாக்க முறைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க அரசு 1977இல் ஏற்றுக்கொண்ட பழைய முறையின் சாவிகளை, 1998இல் ஒரு குழு தானே கட்டிய பொறியைக்கொண்டு 56 மணி நேரத்தில் தேடிப்பிடித்துக் காட்டியது. அதற்கு முன்பே, 1997இல், புதிய முறைக்கான உலகப் போட்டியை அந்நாட்டின் தரநிர்ணய நிறுவனம் அறிவித்திருந்தது. பதினைந்து முறைகள் வந்தன; ஐந்து இறுதிச் சுற்றை எட்டின. எவரும் எதையும் உடைத்துப் பார்க்கலாம். உடைத்தால் ஊரறியச் சொல்லலாம். 2000 அக்டோபரில் வென்றவர்கள் பெல்ஜியம் நாட்டினரான யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும். இருவரும் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். 1425இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் பெயர் இவ்விதழின் வாசகர்க்குப் புதிதன்று. குருக்கள் பலர் இறையியல் பயிலச் செல்லும் இடமல்லவா? 2001 நவம்பரில் அம்முறை ஏ.இ.எஸ். என்ற பெயரில் தரமாயிற்று. அதன் ஒவ்வொரு படியும் நூல்களில் அச்சாகிக் கிடக்கிறது. மறைவாக இருப்பது சாவி ஒன்றே.

2010 முதல் இன்டெல் தன் செயலிகளில் இந்த முறைக்கென்றே ஆறு கட்டளைகளைப் பொறித்துவிட்டது. அதற்கு முன், மென்பொருள் நினைவகத்திலுள்ள அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்து இதைச் செய்யும். எந்த வரியைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை அளந்தே சாவியை ஊகிக்கலாம் என்று 2005இல் அறிஞர்கள் காட்டினார்கள். பூட்டுக்காரன் கையைப் பார்க்காமல், அவன் எவ்வளவு நேரம் எடுத்தான் என்பதைக் கேட்டே திறவுகோலைச் செய்வதுபோல! வன்பொருளுக்குள் வந்தபின் அட்டவணையும் இல்லை. அந்த நேர வேறுபாடும் இல்லை. விரைவும் பன்மடங்காயிற்று. அதனால்தான் தம்பி தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தட்டுக்குப் போகும் வழியிலேயே, அவனுக்குத் தாமதம் தெரியாதபடி, உருமாறிவிட்டது.

நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். சாவியின் நீளம் 128 இரும இலக்கம் என்றே வைப்போம். இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். நொடிக்கு ஓர் இலட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் பொறி ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இந்தப் பேரண்டத்தின் இதுவரையான வயதைப்போல் பல கோடி மடங்கு காலம் ஆகும். பேனாவை மூடி வைத்தேன். கடைக்கார இளைஞர் சொன்னது மெய்தான்.

* * *

ஆனாலும் ஆசிரியனின் ஐயம் எளிதில் அடங்குவதில்லை. “எல்லாம் சரி, அம்மா. அந்தச் சில்லுக்குள் நிஜமாகவே இரைச்சல்தான் தீர்ப்புச் சொல்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? செய்தவன் தனக்கென்று ஒரு மறுசாவி வைத்துக்கொள்ளவில்லை என்பது என்ன உறுதி?”

என் மனத்தில் அப்போது இருந்தது ஆராய்ச்சி ஆர்வமல்ல, பேராசை. மறுசாவி ஒன்று இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை. மகள் அதை உணர்ந்தாளோ என்னவோ, நெடுநேரம் பேசினாள்.

2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு இதே கேள்வி உலகெங்கும் எழுந்தது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் பரிந்துரைத்திருந்த எண் பிறப்பிக்கும் முறைகளுள் ஒன்றில் மறுசாவிக்கு இடமுண்டு என்று 2007இலேயே இரு வல்லுநர் எச்சரித்திருந்தனர். 2014இல் அந்நிறுவனமே அதைக் கைவிடச் சொன்னது. அது மென்பொருள் முறை. தாளில் எழுதிப் பார்த்து ஐயுறலாம். சில்லை எப்படிப் பார்ப்பது? 2013இல் ஆய்வாளர் நால்வர் ஒரு கட்டுரையில், சில டிரான்சிஸ்டர்களில் சேர்க்கும் மாசுப் பொருளின் வகையை மட்டும் மாற்றினால், இன்டெல் வடிவமைப்பைப் போன்ற எண் பிறப்பியையே பலவீனமாக்கிவிடலாம் என்று காட்டினர். ஒளி நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாது. சில்லு தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளிலும் தேறிவிடும். யாரும் அப்படிச் செய்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிப்பது அரிது என்றுதான் சொன்னார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. ஒருமுறை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, வரலாற்று ஆசிரியர் அங்கே நின்று விளக்கியது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தார்கள். ஓலைகளை எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவன். அவன் அறியாமைதான் அங்கே நீதி. ஆனால் நம் முன்னோர் சிறுவனை மட்டும் நம்பவில்லை. நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கலாகாதே! இன்றைய செயலிக்குள்ளும் ஒன்றும் அறியாத சிறுவன் இருக்கிறான், அவன்தான் வெப்பம். ஆனால் குடத்தைத் தூக்கிக் காட்டுவார் இல்லை. விரித்த உள்ளங்கையும் இல்லை. மூடிய அறைக்குள் குடம் குலுங்குகிறது. முடிவு மட்டும் வெளியே வருகிறது.

“அதற்கு என்ன செய்தார்கள்?” என்று கேட்டேன்.

“ஒருவனை மட்டும் நம்புவதை விட்டுவிட்டார்கள், அப்பா. லினக்ஸ் இயங்குதளம் சில்லின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விசை தட்டும் இடைவெளி, தட்டிலிருந்து தகவல் வரும் நேரம் இவற்றையெல்லாம் கலந்து பிசைகிறது. 2013 முடிவில் ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளத்தாரும் அப்படியே முடிவு செய்தார்கள். பலர் சொல்வதைக் கலக்கும்போது ஒருவன் பொய் சொன்னாலும் பரவாயில்லை. மற்றவர்களில் ஒருவன் நேர்மையாக இருந்தாலே போதும். விடை ஊகிக்க முடியாததாகிவிடும்.”

பொய் என்று சொல்லவும் வேண்டியதில்லை, பிழையே போதும். 2019இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய செயலிகளில், சமவாய்ப்பு எண் கேட்டபோதெல்லாம் ஒன்றுகளாகவே நிறைந்த ஒரே எண் வந்துகொண்டிருந்தது. ‘வெற்றி’ என்ற குறியையும் செயலி உடன் அனுப்பியதாம்! பின்னர் அதைத் திருத்தினார்கள். 2020இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், இன்டெல் செயலிகளில் ஒரு நிரல் பெற்ற இரகசிய எண்ணை, செயலியின் மற்றொரு கருவில் ஓடும் அயல் நிரல் எட்டிப் பார்க்க முடிந்ததைக் காட்டினார்கள். அதற்கும் மருந்து வந்தது. விலையாக வேகம் சற்றுக் குறைந்தது.

இவற்றையெல்லாம் கேட்டபின் மகளை நேராகவே கேட்டுவிட்டேன்: “இத்தனை ஓட்டைகளில் ஏதாவதொன்று வழியாகச் சித்தப்பாவின் பெட்டிக்குள் போக முடியாதா?”

“முடியாது, அப்பா. எல்லாம் திருத்தப்பட்ட பெட்டி அது.” சற்று நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். “முடிந்தால் போவீர்களா?”

* * *

அந்த வினாவுக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. இரவு முழுதும் அது என்னோடு இருந்தது.

முடிந்தால் போவேன் என்பதுதான் உண்மை. அவனைக் கேளாமல் வீட்டுக்கு முன்பணம் வாங்கிய அதே கை, அவனைக் கேளாமல் அவன் எழுத்தையும் திறந்திருக்கும். ‘முடிந்ததும் காட்டுவேன்’ என்றுதானே சொன்னான்? முடியவில்லை, காட்டவில்லை. காட்டுவதும் காட்டாததும் அவனுடைய உரிமை. பத்தாண்டுகளுக்கு முன் நான் மதிக்காத அந்த உரிமையை, கையளவு மணற்சில்லு ஒன்று எனக்கு முன்னால் நின்று மதிக்கிறது. ஓர் அண்ணனின் கண்ணீர் அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அது நல்ல பூட்டாகாது. அழுகிறவனுக்குத் திறக்கும் கதவு, அழுவதுபோல் நடிப்பவனுக்கும் திறக்குமே.

மன்னித்தானா என்பதற்கு விடையை எழுத்தில் தேடியது என் பிழை என்றும் தோன்றியது. கடைசி இரண்டாண்டுகளில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அவனே என்னைத் தொலைபேசியில் அழைத்தான். தவறாமல் அழைத்தான். அதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. மறைகுறியின்றி, எல்லாரும் கேட்கும் எளிய தமிழில், ‘சாப்பிட்டீர்களா, அண்ணே?’ என்று கேட்டான். அதை வாசிக்கத் தெரியாமல் நான் வேறு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆயினும் இதைப் படிக்கும் முதியோர்க்கு ஒன்று சொல்வேன். பூட்டு நல்லதே. நம் சேமிப்பையும் மருத்துவக் குறிப்பையும் குடும்பப் படங்களையும் கள்வரிடமிருந்து அது காக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்கள் நம் இறப்புக்கு வழி வைக்கவில்லை. அந்த வழியை நாம்தான் வைக்க வேண்டும். விடுமுறை முடிந்து மகள் புறப்பட்ட நாளில், என் கணிப்பொறியின் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதச் சொன்னாள். இலக்கம் இலக்கமாக எழுதி, இருமுறை சரிபார்த்து, உறையிலிட்டு ஒட்டி அவளிடம் கொடுத்தேன். “பிரித்துப் பார்த்துவிடாதே” என்றேன். “நீங்கள் இருக்கும்வரை பார்க்க மாட்டேன்” என்றாள். அந்த உறைக்கு அவள் சொல்தான் பூட்டு.

தம்பியின் மடிக்கணினி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மாதம் ஒருமுறை மின்னேற்றி வைக்கிறேன். கடவுச்சொல் எதையும் தட்டுவதில்லை. சற்றுநேரம் கை வைத்துப் பார்த்தால் அடிப்புறம் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் எங்கோ ஒரு சாவி பிறந்தது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, அப்பாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன்.